உயிரோடு இருந்தவருக்குக் கட்டிய வெள்ளைக் கொடி

அன்று காலை எங்கள் பாக்குத்தோட்ட லேன் முழுவதும் வெள்ளைக் கொடி பறந்தது. ரத்தோட்டை வீதிச் சந்தியில் தொடங்கி மேட்டு வீடு வரைக்கும் இரண்டு பக்கமும் கயிறு இழுத்து, ஒரு கொடிகூடக் கோணாமல் கட்டியிருந்தார்கள். மேட்டு வீட்டு முற்றத்தில் கூடாரம் எழும்பியிருந்தது. அதன் கீழே நீலக் கதிரைகள் வரிசை பிசகாமல் நின்றன. முற்றத்து ஓரத்தில் பெரிய கேத்தலில் தண்ணீர் கொதித்தது. கறுவா விறகு எரிகிற இனிப்பான புகை வாசல் வரைக்கும் வந்தது.

வேலை சுத்தமாக இருந்தது. ஒரேயொரு குறை, அந்த வீட்டில் யாரும் சாகவில்லை.

யாருக்காகக் கொடி கட்டினார்களோ, அந்த ஜெயமணி அக்கா வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு, "முன்னுக்கு என்ன தம்பி சத்தம்?" என்று என்னிடம் கேட்டார். நான் எழுந்து போய் முன் ஜன்னலைத் திறந்தேன். பேச்சுக்குக் குறைவில்லாத ஆள் என்று பேரெடுத்தவன் நான். அன்றைக்கு அக்காவுக்கு ஒரு பதிலும் சொல்லாமல் வாசலுக்குப் பாய்ந்தேன்.

கொடி கட்டச் சொன்னது நானில்லை. ஆனால் அப்படிக் கட்டப் பழக்கியது நான்தான். அதை விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போகிற வழியில் இரண்டு மூன்று இடத்தில் நின்று கதை பேசிவிட்டுத்தான் வருவேன். இந்தத் தொடரை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் அந்தக் குணம் பழகிப்போயிருக்கும்.

தலையில் கட்டிவிட்டார்கள்

சீகிரியாப் பக்கத்து ஹொட்டேல் வாழ்க்கையைப் பற்றிப் போன வாரங்களில் நிறையவே எழுதிவிட்டேன். அறை கூட்டுகிற வேலையில் சேர்ந்தவன், விருந்து மண்டபத்துக்கு மெனேஜராக இருந்து ஓய்வு பெற்றேன். கலியாணம், கம்பெனிக் கூட்டம், வெள்ளைக்காரர்களின் பிறந்தநாள் என்று எத்தனையோ விருந்துகளை நடத்தி முடித்தவன். என் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தேன். வந்தவர் கையைத் தூக்கி நம்மைக் கூப்பிடக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்று அவர் நினைக்கும்போது தண்ணீர் அங்கே இருக்க வேண்டும். கேட்க வைத்துவிட்டால் நாம் தோற்றோம்.

பென்சன் வாழ்க்கை தொடங்கிய புதிதில் என்னை வீட்டில் வைத்திருக்க முடியாமல் என் மனைவி பரமு திண்டாடினாள். சாப்பாட்டு மேசையில் கரண்டி இருக்க வேண்டிய கோணத்தைப் பற்றி அவளுக்கு நான் பாடம் எடுத்தேன். மூன்றாம் நாள் அவள், மரண உதவிச் சங்கத்துக் கூட்டம் நடக்கிறது, போய்விட்டு வாருங்கள், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்று அனுப்பி வைத்தாள்.

இலங்கையில் ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு லேனிலும் இப்படியொரு சங்கம் இருக்கும். சாவு விழுந்தால் வீதியில் கட்டுகிற வெள்ளைக் கொடி, கூடாரம், கதிரை, கோப்பை, கேத்தல் எல்லாம் சங்கம் கொடுக்கும். எங்கள் லேனில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் கலந்து இருக்கிறோம். சங்கம் ஒன்றுதான்.

கூட்டத்துக்குப் போன நான் செய்தது ஒன்றுதான். கதிரைகள் கண்டபடி கிடந்தன. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எழுந்து அவற்றை நேராக்கினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய தலைவர், இவ்வளவு அக்கறையுள்ள மனிதரை இத்தனை நாள் விட்டுவிட்டோமே என்று சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சங்கத் தலைவராக வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

மூன்று விதமான துக்கம்

ஹொட்டேலில் சீனருக்கு ஒரு மேசை, ஜெர்மன்காரருக்கு ஒரு மேசை என்று பார்த்துப் பழகியவனுக்கு, ஒவ்வொரு சமூகத்துச் சாவு வீட்டுக்கும் ஒரு முறை என்பது புதிதாகத் தெரியவில்லை. சிங்கள வீடென்றால் உடல் சில நாள் வீட்டில் இருக்கும், இரவு முழுக்க ஆட்கள் விழித்திருப்பார்கள், கோப்பி ஓயக் கூடாது. தமிழ் வீடென்றால் பறையும் ஒப்பாரியும், பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. முஸ்லிம் வீடென்றால் எல்லாம் விரைவு. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்படுவதற்குள் கதிரை வந்து சேரவில்லையானால் பிறகு வந்து பிரயோசனமில்லை.

முன்பெல்லாம் சாவு விழுந்த பிறகுதான் சங்கத்து அறைச் சாவியைத் தேடுவார்கள். வந்தவர்கள் மதிலில் சாய்ந்து நிற்பார்கள். துக்க வீட்டுக்காரர் அழுகையை நிறுத்திவிட்டு வந்து, எத்தனை கதிரை வேண்டுமென்று சொல்ல வேண்டியிருக்கும். அதை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். எனக்கு உடம்பு எரிந்தது.

சந்தியில் ஓட்டோ ஓட்டுகிற சுனிலைப் பிடித்து, அவனையும் அவன் கூட்டாளிகளையும் ஒரு குழுவாக்கினேன். சாவியை அவனிடமே கொடுத்தேன். கூடாரத்தை எழுப்பப் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நான் கவலைப்படவில்லை. ஒரு கட்டளையும் கொடுத்தேன். தலைவரும் செயலாளரும் வெள்ளை உடுத்து ஒரு வீட்டுக்குள் போவதைக் கண்டால் அதற்கு மேல் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், வேலையைத் தொடங்குங்கள். துக்க வீட்டில் போய் விபரம் கேட்பது அநாகரிகம்.

சுனில் அதைக் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தைப் பற்றி மாத்தளை டவுனிலும் பேச்சு வந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்றும் பரமு சொல்வாள்.

கதவைச் சாத்தினார்கள்

சங்கத்தின் செயலாளர் நசீமா மிஸ்ஸி. அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டைக் கட்டி ஆண்ட தாதி. ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளைச் சேலையை விடவில்லை. அவர் நடந்து வந்தால் ஆரோக்கியமான ஆளும் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு நாள் கூட்டம் முடிந்து கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார். "மெனேஜர், நாம மையத்துக்குத்தான், செத்தவங்களுக்குத்தான் கதிர போடுறோம். உசிரோட இருக்கிறவங்களுக்கு என்ன செய்றோம்? வார்டுல நான் பாத்தது, மனுசருக்கு நோவு வந்த பொறகுதான் குடும்பத்துல பேசவே ஆரம்பிக்கிறாங்க. யாரோட இருக்கிறது, யாரு பாக்கிறது, எல்லாத்தயும் கட்டில்ல படுத்த பொறகு பேசுறாங்க."

அது என்னைப் பிடித்துக்கொண்டது. விருந்து நடக்கிற அன்றைக்கா மெனு எழுதுவார்கள்? வயது போகிற காலத்தையும் முன்கூட்டியே யோசித்து வைக்கலாமே. லேனில் அறுபதைக் கடந்த ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, பின்னால் எங்கே இருக்க விருப்பம், யார் துணை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று பேசி வைப்பதாக முடிவெடுத்தோம். 'நாளைய வாழ்வு' என்று பேரெல்லாம் வைத்தேன். கூட்டம் போட்டோம். நானும் மிஸ்ஸியும்தான் வந்தோம்.

சரி, நாமே வீடு வீடாகப் போவோம் என்று கிளம்பினோம். முதலில் போனது ஓய்வுபெற்ற மேசன் வீரய்யாவின் வீட்டுக்கு. அவருக்கு நீரிழிவு, மற்றபடி நல்ல திடகாத்திரம். திண்ணென்ற மனுஷன் முன்னால் நான் உட்கார்ந்து, கனிவான குரலில், "அண்ணே, உங்க கடைசிக் காலத்தைப் பத்தி என்ன யோசிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

மரண உதவிச் சங்கத்துத் தலைவர் வீடு தேடி வந்து கேட்கிற கேள்வியா அது? வீரய்யாவின் மனைவி உள்ளே போய் மிளகாயும் உப்பும் எடுத்து வந்து, எங்கள் கண் முன்னாலேயே அவருக்குச் சுற்றி அடுப்பில் போட்டார். நாங்கள் இருமிக்கொண்டே வெளியே வந்தோம். அன்று பின்னேரமே வீரய்யா ஏணி வைத்துக் கூரையில் ஏறி ஓடு மாற்றினார். தான் நன்றாக இருப்பதை லேனுக்கே காட்ட வேண்டுமல்லவா.

அடுத்த வீடுகளில் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். பரமு சிரித்தாள். "உங்க மொகத்தப் பாத்தா எல்லாருக்கும் கூடாரம்தான் ஞாபகம் வருது. நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டாலே பயமா இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறவர்கள் மேல் வருகிற கோபம்தான்.

குரலால் அறிந்த ஊர்

ஜெயமணி அக்கா தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் வேலை பார்த்தவர். இலக்கத்தைச் சொன்னால் ஆள் இருந்து இணைப்புக் கொடுக்கிற காலம் அது. மாத்தளையில் அப்போது டெலிபோன் வைத்திருந்த எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். அவருக்கும் எல்லோர் குரலும் தெரியும். ஆளை வீதியில் கண்டால் அடையாளம் தெரியாது, வாயைத் திறந்தால் பேரைச் சொல்லிவிடுவார்.

அவர் கலியாணம் முடிக்கவில்லை. தாய் தகப்பனைக் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு மேட்டு வீட்டில் தனியே இருந்தார். யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். ஒரு பிடி கறிவேப்பிலை கேட்டதாகக்கூட யாருக்கும் நினைவில்லை. நாங்கள் அதைப் பெருமையாகத்தான் பேசினோம்.

மழை தொடங்கிய மாதத்தில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காலையில் விழுந்தவர். மத்தியானம் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் கூப்பிட்டுப் பதில் வராததால் எட்டிப் பார்த்திருக்கிறார். அதுவரைக்கும் அக்கா ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. இடுப்பு முறியவில்லை, கால் மட்டும் பிசகியிருந்தது.

அக்காவின் தம்பி மகன் ரமணன் நீர்கொழும்பில் இருக்கிறான். நல்ல பிள்ளை. செய்தி கேட்டு ஓடி வந்தான். தன் வீட்டுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்று பார்த்து, இடம் பிடித்து, சனிக்கிழமை வான் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அக்கா சரியென்று தலையாட்டினார். மேட்டு வீட்டைப் பூட்டுவதென்று முடிவாகிவிட்டது.

காலுக்குக் கட்டு மாற்றப் போன நசீமா மிஸ்ஸியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். "நீர்கொழும்புல எனக்கு ஒரு கொரலும் தெரியாது மிஸ்ஸி."

மிஸ்ஸி அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வார்டில் எத்தனையோ பார்த்தவர். எனக்கும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே, ரமணன் வருவதற்கு முன்னால் போய்ப் பேசிவிடுவதென்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம்.

அழ ஆளில்லாத வீடு

மிஸ்ஸி வழக்கம்போல் வெள்ளைச் சேலை. வீடு வீடாகப் போன நாட்களில் கலர்ச் சட்டை போட்ட நான், அன்று முக்கியமான பேச்சு என்று ஹொட்டேல் பழக்கத்தில் வெள்ளைச் சட்டை. நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை. ஓட்டோவில் சாய்ந்திருந்த சுனில் எங்களைப் பார்த்து எழுந்து நின்று தலை குனிந்தான். மரியாதையான பையனாக மாறிவிட்டானே என்று நான் மிஸ்ஸியிடம் சொன்னேன்.

பின்பக்கம், அடுப்படியை ஒட்டிய குசினி மேசையில் உட்கார்ந்து பேசினோம். எதிர் வீட்டில் மேல்மாடி கட்டுகிறார்கள், நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். அதனால் முற்றத்துச் சத்தம் எங்களுக்கு வேறாகத் தெரியவில்லை. நான் எல்லா நியாயத்தையும் எடுத்து வைத்தேன். தினமும் ஆள் வந்து போக ஒழுங்கு செய்யலாம், மிஸ்ஸி மருந்து பார்ப்பார், குளியலறையில் கைபிடி போடலாம் என்றேன். அக்கா புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கல்லாம் வேல உள்ள ஆளுங்க தம்பி. எனக்காக யாரும் சிரமப்பட வேணாம்" என்றார். எத்தனை விதமாகச் சொன்னாலும் அதே பதில். பேச்சு நீண்டது. அப்போதுதான் முன்பக்கத்தில் ஆட்களின் குரல் கேட்டது.

ஜன்னலைத் திறந்தால் பாதி லேன் முற்றத்தில் நிற்கிறது. வீரய்யா தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார். டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹனீபா ஹாஜியார் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சுனில் கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

நான் வெளியே பாய்ந்தேன். உள்ளே ஒருவர் அழுகிற சத்தமாவது கேட்டதா, கேட்காமல் எப்படிக் கொடி கட்டினாய் என்று அவனைப் பிடித்துக் கேட்டேன். பாவம், அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அந்த வீட்டுல அழுறதுக்கு ஆள் இல்லதானே மாத்தயா" என்றான்.

அதைச் சொல்லி முடிக்கும்போது அக்கா ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றார். அவன் சொன்னது அவருக்கும் கேட்டிருந்தது.

யாருக்கும் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. நான் மறுபடியும் சுனில் மேல் பாயப் போனேன். அக்கா கையைக் காட்டித் தடுத்தார். கொடியைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார், வந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வந்தவங்க நிக்காதீங்க, உக்காருங்க" என்றார். "தண்ணியும் கொதிக்குது. தேத்தண்ணி ஊத்துங்க."

அவரே முன்வரிசையில், ஹாஜியாருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

என்ன பேசுவது? எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள். யாரை விசாரிக்க வந்தார்களோ அவரே கோப்பையை வாங்கி ஊதி ஊதிக் குடிக்கிறார். கடைசியில் ஹாஜியார்தான் தொண்டையைச் செருமினார். ஜனாஸா வீட்டில் சொல்வதற்கென்று வழியெல்லாம் யோசித்து வந்ததை அக்காவிடமே சொல்லிவிடுகிறேன் என்றார். கலவர காலத்தில் கொழும்பில் இருந்த அவர் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் தெரியாமல் குடும்பமே பைத்தியமாக இருந்தபோது, பரிவர்த்தனை நிலையத்தில் இருந்து ஒரு பெண் குரல் இரவிரவாக முயற்சி செய்து இணைப்பை எடுத்துக் கொடுத்ததாம். அந்தக் குரல் இவருடையது என்று அவருக்கு அப்போதே தெரியுமாம். இத்தனை வருஷத்தில் ஒரு நன்றி சொல்லவில்லையாம்.

"ஒங்க தம்பிக்கு அன்னிக்கு இருமல்" என்றார் அக்கா.

ஹாஜியார் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ரமணனின் கேள்வி

சந்தியில் கொடியைக் கண்டதுமே ரமணன் வானை நிறுத்திவிட்டு, யார் என்று கேட்டிருக்கிறான். யாரோ ஜெயமணி அக்கா என்று சொல்லிவிட்டார்கள். அந்த மேட்டை அவன் ஓடியே ஏறினான். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. கூடாரத்துக்குள் புகுந்தவன் அத்தையைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த கதிரையில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அக்கா அவன் முதுகைத் தடவினார். அழ ஆளில்லாத வீடு என்று சொன்ன சுனில் தன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரமணன் தேறி வந்ததும் வீரய்யா தைரியம் சொன்னார். "தம்பி, அக்காவ எங்கயும் கொண்டு போகாதீங்க. நாங்கல்லாம் இங்க இருக்கோம்ல."

ரமணன் நிமிர்ந்து பார்த்தான். "அன்னைக்கும் இருந்தீங்க ஐயா" என்றான். "அத்த தரையில கெடந்த அன்னைக்கும் எல்லாரும் இருந்தீங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எல்லோருக்கும் சுட்டது. அவன் கேட்டதில் என்ன பிழை? கொடி கட்ட இவ்வளவு விரைவாக வந்தோம், உயிரோடு விழுந்து கிடந்தவரிடம் மீன்காரர் அல்லவா வந்தார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஒழுங்கெல்லாம் என் தலைக்குள் தயார். யார் எந்த நாள், யார் மருந்து, எல்லாம் சொல்லிவிடத் துடித்தேன். நசீமா மிஸ்ஸி என் கையைப் பிடித்து அழுத்தினார். வார்டில் நோயாளி தானாக எழுந்து நடக்கட்டும் என்று காத்து நிற்கிற பிடி அது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, மாத்தளை முழுக்கத் தெரிந்த அந்தக் குரலில் சொன்னார்.

"எனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆச. காலையில ஒருக்கா யாராச்சும் வந்து என்னயக் கூப்பிடுவீங்களா?"

கேட்க வைத்துவிட்டால் தோல்வி என்று நினைத்தே வாழ்ந்தவன் நான். ஒருவர் வாய்விட்டுக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என்னை மறந்து எனக்கும் கண்ணில் நீர் வந்தது.

முதலில் பதில் சொன்னது சுனில்தான். "நான் வாறது அக்கா" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொடி இல்லாம வாறது" என்றான்.

அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு முற்றமே சிரித்தது. வீரய்யாவின் மனைவி வெள்ளிக்கிழமை தன்னுடையது என்றார். எதிர் வீட்டுச் சிங்களத் தாய் காலைக் கஞ்சி தன் பொறுப்பு என்றார். பிறகு என் முறை வந்தது. ஹொட்டேலில் விடியற்காலையில் சீகிரியா ஏறப் போகிறவர்களை எழுப்புவதற்கு ஆள் வைப்போம், ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் தவறாமல் எழுப்பும்படி ஒழுங்கு இருக்கும். அதை அப்படியே இங்கே கொண்டு வந்தேன்.

ரமணன் தைப்பொங்கல் வரைக்கும் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டான். அத்தையின் சாமான் ஏற்ற வந்த வானில், அன்று மத்தியானம் எங்கள் கதிரைகள்தான் சங்கத்து அறைக்குத் திரும்பிப் போயின.

காலை அழைப்பு

தைப்பொங்கல் வந்தது, போனது. அக்கா இங்கேதான் இருக்கிறார்.

ஆனால் கொஞ்ச நாளிலேயே அவர் என்னிடம் ஒரு முறைப்பாடு வைத்தார். எல்லோரும் வந்து வந்து தன்னைக் கூப்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். ஒரு காலத்தில் ஊரையே கூப்பிட்டவள் நான், எனக்கு இப்படிச் சும்மா இருக்க ஏலாது என்றார். லேனில் தனியாக இருக்கிறவர்கள், வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடுகள், இவர்களைக் காலையில் தானே போனில் எடுத்துப் பேசுவதாகச் சொன்னார். எடுக்காவிட்டால் சுனிலுக்குச் சொல்வாராம். இலக்கம் எதையும் அவர் எழுதி வைக்கவில்லை, எல்லாம் தலைக்குள் இருக்கிறது.

எங்களைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள் எல்லோரும் அந்தப் போனை எடுத்தார்கள். குரலில் என்ன அபசகுனம்? சாப்பாடு, மழை, முழங்கால் வலி என்று தொடங்குகிற பேச்சு மெல்ல மெல்ல எங்கெங்கோ போகும். மகள் கூப்பிடுகிறாள், போவதா? எனக்கு ஒன்று ஆனால் இவர் யாரோடு இருப்பார்? நான் 'நாளைய வாழ்வு' என்று பேர் வைத்து ஒருவர் வாயிலிருந்தும் பிடுங்க முடியாததையெல்லாம் அவர்களாகவே அக்காவிடம் சொன்னார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியது வந்தால் அக்கா மிஸ்ஸியை அனுப்புவார். மிஸ்ஸியும் இப்போது கலர்ச் சேலை கட்டுகிறார்.

ஒரு காலை வீரய்யா வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சுனில் பாய்ந்து போய்ப் பார்த்தால் மனுஷன் சீனி இறங்கி வியர்வையில் குளித்துக் கிடக்கிறார். மிஸ்ஸி வந்து இனிப்புத் தண்ணீர் புகட்டி எழுப்பினார். தான் அயர்ந்து தூங்கியதாகத்தான் வீரய்யா இன்றைக்கும் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதை எழுத உட்காருவதற்குச் சில நாள் முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் வீட்டுப் போன் அடித்தது. பரமு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். அக்காவின் குரல். எழும்பியாச்சா, நேற்று இருமல் கேட்டதே, குறைந்ததா என்றார். சங்கத்து விஷயம் ஏதோ பேசப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த வீட்டுக்கு எடுக்க வேண்டும், வைக்கிறேன் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்டயும் சேத்துட்டீங்களா அக்கா? எங்களுக்கு எதுக்கு? நாங்கதான் ரெண்டு பேர் இருக்கோமே" என்றேன்.

"இப்ப ரெண்டு பேரு தம்பி" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டார்.

பரமுவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். காலையில் ஒருபோதும் உட்காராதவள், கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஊரெல்லாம் போய்க் கேட்டீங்களே ஒரு கேள்வி" என்றாள். "அத என்கிட்டயும் கேளுங்க."

கேட்டேன். அவளிடம் பதில் தயாராக இருந்தது. எத்தனை காலமாகத் தயாராக இருந்ததோ, எனக்குத் தெரியாது.